கேஸ் ஷீட்டில் இல்லாத மாத்திரை: நீலகிரியில் ஓர் உள்நோயாளிக்குக் கேட்கப்பட்ட தோல் ஒபினியன்

நீலகிரியின் கிழக்குச் சரிவில் உள்ள ஒரு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நடந்தது இது. நோயாளியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியோ விட்டோ இருக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் சமவெளியிலிருந்து மலையேறி அங்கே புறநோயாளிகளைப் பார்க்கும் தோல் மருத்துவர் நான். மற்ற நாட்களில் வார்டிலிருந்து தொலைபேசியிலோ வாட்ஸப் படங்கள் வழியாகவோ ஒபினியன் கேட்பார்கள். அவசியமானால் அடுத்த நாளே போய்ப் பார்ப்பேன். உள்நோயாளிக்குத் தோல் ஒபினியன் என்றால் 'எந்தக் களிம்பு தடவுவது' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது என்றே பல வார்டுகளில் நினைக்கிறார்கள். இந்த நோயாளியின் விஷயத்தில் களிம்பைவிட முக்கியமான ஒன்று கவனிப்பில்லாமல் இருந்தது.

பின்னணி

நாற்பதுகளில் இருக்கும் பெண். எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் வேலை. லைன் வீட்டில் கணவர், மகளுடன் வசிக்கிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லை. ஓராண்டாகவே முகத்தின் வலப்பக்கம் மின்சாரம் பாய்வதுபோல் விட்டுவிட்டு வலித்திருக்கிறது. காலையில் குளிர்காற்று கன்னத்தில் பட்டால் போதும், வலி சுண்டியிழுக்கும். பல் வலி என்று எண்ணி இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியாயிற்று, வலி போகவில்லை. முகத்தின் உணர்வு நரம்பில் எழும் முக்கிளை நரம்பு வலிக்கு இது வழக்கமான கதைதான். பல்லைப் பிடுங்கிய பிறகே நரம்பைப் பற்றிய நினைப்பு வருகிறது.

கடைசியில் சமவெளியில் ஒரு மருத்துவர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்துக் கார்பமசெபின் எழுதிக் கொடுத்தார். இந்த வலிக்கு முதல் வரிசை மருந்து அதுதான். சிறிய அளவில் தொடங்கி, காலை 200, இரவு 200 மில்லிகிராம் என்று உயர்த்தியிருந்தார். ஒரே வாரத்தில் வலி அடங்கியது. பல மாதங்களுக்குப் பிறகு அவர் வெந்நீர் இல்லாமல் வாய் கொப்பளித்தார், வலப்பக்கம் மென்று சாப்பிட்டார். அந்த மாத்திரையை அவர் எவ்வளவு மதித்தார் என்பது பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள உதவும். காய்ச்சல் தொடங்கியபோது மாத்திரை ஆரம்பித்து ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகியிருந்தது.

சேர்க்கையும் முதல் நான்கு நாட்களும்

நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவை நனைத்துக்கொண்டிருந்த நேரம். ஐந்து நாள் காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி என்று வந்தார். வெப்பநிலை 103 டிகிரி. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி சற்றே கூடியிருந்தது.

தேயிலைத் தோட்டத்து வேலை, மழைக்காலம், காய்ச்சல், நெறி, லேசான கல்லீரல் பாதிப்பு. இந்த மலையில் இவை சேர்ந்து வந்தால் முதலில் நினைக்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கரப் டைஃபஸ். டியூட்டி டாக்டர் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கினார். அது சரியான முடிவு. இன்று அதே நிலையில் ஒருவர் வந்தாலும் அப்படித்தான் தொடங்க வேண்டும். தாமதமானால் அந்த நோய் உயிரைக் குடிக்கும்.

இரண்டாம் நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் ஊசி சேர்ந்தது. மூன்றாம் நாள் மார்பிலும் முதுகிலும் தடிப்பு இருப்பதாக நர்ஸ் குறிப்பில் முதல்முறையாக வருகிறது. அரிப்புக்கு ஏவில் ஊசி போட்டார்கள். நான்காம் நாள், ஸ்கரப் டைஃபஸுக்கு எதிரான ஐஜிஎம் என்ற எதிர்ப்பணுவை ரத்தத்தில் தேடும் எலைசா சோதனை லேசான நேர்மறையாக வந்தது. ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. செஃப்ட்ரியாக்சோன் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று அதை நிறுத்திவிட்டுப் பிப்பராசிலின்-டாசோபாக்டம், அசித்ரோமைசின் என்ற வேறு ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் எஸ்ஜிபிடி 290. தடிப்பு கைகால்களுக்கும் இறங்கியிருந்தது.

இந்த இடத்தில் இரண்டு செய்திகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. எலைசா 'உண்ணிக் காய்ச்சல்' என்றது. ஆனால் டாக்சிசைக்ளின் கொடுத்தால் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் வடிந்துவிடும்; இங்கே நான்கு நாள் கடந்தும் வடியவில்லை. நோய் புழங்கும் ஊரில் பழைய தொற்றின் ஐஜிஎம் மாதக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். போன மழைக்காலத்திலும் பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததாகப் பிறகு விசாரித்தபோது அவரே சொன்னார்.

ஒபினியன் கேட்ட மாலை

ஐந்தாம் நாள் மாலை வந்த சீட்டில் ஒரே வரி: காய்ச்சலும் தடிப்பும், செஃப்ட்ரியாக்சோன் ஒவ்வாமையா, எந்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தலாம்? உடன் இரண்டு படங்கள், இரண்டுமே டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த முதுகு.

நம் நிறத்துத் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சாம்பலாக, ஊதா கலந்த பழுப்பாக, சில இடங்களில் வெறும் கறுப்பாக மட்டுமே தெரியும். படத்தில் தோல் கொஞ்சம் கருத்திருக்கிறது என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியவில்லை. அதனால் வார்டு சிஸ்டரைத் தொலைபேசியில் அழைத்து, குல்லாவையும் ஸ்வெட்டரையும் கழற்றி, ஜன்னல் ஓரமோ டார்ச் வெளிச்சத்திலோ முகம், காதுகள், வாய்க்குள், கண், உள்ளங்கை, பாதம், அக்குள், தொடையிடுக்கு எல்லாம் தனித்தனியாகப் படம் வேண்டும் என்று கேட்டேன். தோலை விரலால் தள்ளினால் உரிகிறதா, தொட்டால் எரிகிறது என்கிறாரா என்றும் பார்க்கச் சொன்னேன். உரிந்தாலோ, வாயும் கண்ணும் புண்ணாகியிருந்தாலோ அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வகையைச் சேர்ந்த அவசரநிலை. விடியும்வரை காத்திருக்க முடியாது.

உரியவில்லை. கண்ணும் வாயும் சுத்தம்; உதடு மட்டும் வெடித்திருந்தது.

படம் எடுக்கப் போன இடத்தில்தான் சிஸ்டர் வேறொன்றைக் கவனித்தார். இரவுச் சாப்பாடு முடிந்து, மகள் கைப்பையிலிருந்து ஒரு பழுப்புக் காகித உறையை எடுத்து, அதற்குள் இருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து அம்மாவின் கையில் வைத்தார்.

"என்ன மாத்திரைம்மா அது?"

"பல்லு வலி மாத்திரை சிஸ்டர். தினம் ரெண்டு வேளை போடுறாங்க. நிறுத்தினா வலி வந்துரும்."

"சேரும்போது கேட்டாங்களே, சொல்லலியா?"

"சுகர், பிரஷர் மாத்திரை இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னோம்."

மகள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான் சொல்லியிருக்கிறார். அட்டையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து சிஸ்டர் அனுப்பினார். கார்பமசெபின் 200. கேஸ் ஷீட்டில் எங்கேயும் அது இல்லை. சேர்ந்த நாளிலிருந்து ஒருவேளைகூடத் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அன்றிரவே அதை நிறுத்தச் சொன்னேன். வலிப்பு நோய்க்காக இந்த மருந்தைச் சாப்பிடுபவராக இருந்தால் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உடனே லெவெடிராசெட்டம் போன்ற வேறொன்றை ஈடாகக் கொடுக்க வேண்டியிருக்கும். நரம்பு வலிக்குச் சாப்பிடுபவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. வலி திரும்பும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' அவருக்கு எவ்வளவு பெரியது என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலை, படுக்கையருகே

குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறுக்கு மேல் மரம் விழுந்திருந்ததால் கோத்தகிரி வழியாகப் போய்ச் சேர்ந்தேன். வார்டுக்குள்ளேயே மூச்சு புகையாக வந்தது. நோயாளி இரண்டு ஸ்வெட்டர், சால்வை, மங்கி குல்லா, காலுறையுடன் கம்பளிக்குள் சுருண்டிருந்தார். முதல் ஐந்து நாள் ரவுண்ட்ஸில் அவர் எந்த நிலையில் பார்க்கப்பட்டிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. இந்தக் குளிரில் யாரும் துணியைக் கழற்றச் சொல்லத் தயங்குவார்கள். ரூம் ஹீட்டர் ஒன்றை வரவழைத்து, திரை போட்டு, கால் மணி நேரம் கழித்துப் பகுதி பகுதியாகப் பார்த்தோம்.

குல்லாவைக் கழற்றியதும் முகம் தெரிந்தது. கண்ணிமைகளும் கன்னங்களும் உப்பியிருந்தன. காது மடல்கள் தடித்து, கம்மலின் திருகு பின்பக்கச் சதைக்குள் புதைந்திருந்தது. மகளிடம் கேட்டேன், நாலைந்து நாளாகவே காது வலிக்கிறது என்று அம்மா சொல்வதாகவும், குளிருக்கு அப்படி இருக்கும் என்று நினைத்ததாகவும் சொன்னார். முகமும் காதும் இப்படி வீங்குவது சாதாரண மருந்துத் தடிப்பில் வராது. எனக்கு நோயின் பெயர் அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

உடம்பில் பாதிக்கும் மேல் தடிப்பு பரவியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைவிடக் கைக்கு அதிகம் தெரிந்தது. தோல் சொரசொரவென்று சூடாக இருந்தது. கால்களில் சில இடங்களில் ரத்தக் கசிவுப் புள்ளிகள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு மூன்றிலும் நெறி. உண்ணிக் காய்ச்சலில் பூச்சி கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட தழும்புபோல் இருக்கும் எஸ்காரை, மார்பகங்களின் கீழ்மடிப்பு, தொப்புள், முதுகின் அடிப்பகுதிவரை தேடினோம். இல்லை.

பிறகு ஒரு வெள்ளைத்தாளில், காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கி ஒரு கோடு போட்டு, உடம்புக்குள் போன ஒவ்வொரு மருந்தையும் அந்தந்தத் தேதியில் குறித்தோம். நாட்டு மருந்து, கடையில் வாங்கிய வலி மாத்திரை, எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுத்தது எல்லாம் அதில் அடக்கம். தடிப்பு எப்போது வந்தது என்று மகளைக் கேட்டபோது, சேர்வதற்கு முந்தின நாளே கழுத்தில் சொறிந்துகொண்டிருந்தார் என்றார். அந்த ஒரு பதிலில் செஃப்ட்ரியாக்சோனும் டாக்சிசைக்ளினும் சந்தேகத்திலிருந்து விலகின. காய்ச்சலுக்கும் தடிப்புக்கும் முன்பே உடம்பில் இருந்த ஒரே புதிய மருந்து கார்பமசெபின்.

ரத்த எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நாளும் எடுத்த அறிக்கைகளில், ஒவ்வாமையில் கூடும் வெள்ளணுவான ஈசினோஃபில் என்ற வரியே இல்லை. அங்கிருந்த மூன்று பகுதி அனலைசர் வெள்ளணுக்களை லிம்ஃபோசைட், கிரானுலோசைட், கலவை என்று மூன்றாகத்தான் பிரிக்கும். ஈசினோஃபில்லைத் தனியாகக் காட்டாது. கலவை அணுக்கள் கூடிக்கொண்டே போனது அறிக்கையில் இருந்தது. அதை யாரும் பொருட்படுத்தும் வழக்கமில்லை. லேப் டெக்னீஷியனிடம் ஸ்மியர் போட்டு, அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, கையால் எண்ணித் தரும்படி கேட்டேன். மொத்த வெள்ளணு 15,800. அதில் ஈசினோஃபில் 24 சதவீதம், அதாவது ஏறக்குறைய 3,800. வழக்கத்துக்கு மாறான பெரிய லிம்ஃபோசைட்டுகளும் இருந்தன. எஸ்ஜிபிடி 410.

மருந்தால் வரும் தடிப்பு, ஈசினோஃபில் பெருக்கம், உள்ளுறுப்புப் பாதிப்பு மூன்றும் சேர்ந்த இந்த நோய்க்கூட்டை டிரெஸ் என்பார்கள். மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரத்தில் வரும். அதை அளக்கும் ரெஜிஸ்கார் மதிப்பீட்டில் இவருக்கு ஆறுக்குக் குறையாமல் வந்தது. அந்த எண்ணிக்கையில் நோய் 'உறுதி' என்ற வகைக்குள் போகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பொது மருத்துவர், டியூட்டி டாக்டர், சிஸ்டர், நான் எல்லோரும் நோயாளியின் படுக்கையருகிலேயே பேசினோம். ஒபினியனைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் புறப்படுவது இப்படிப்பட்ட நோயில் போதாது. ஏன் என்று புரியாமல் எழுதப்பட்ட கட்டளை, டியூட்டி மாறியதும் மாறிவிடும்.

டாக்சிசைக்ளினை ஏழு நாள் முடிக்க முடிவு செய்தோம். எலைசாவை நான் நம்பவில்லை. ஆனாலும் ஒரே நேரத்தில் இரண்டும் இருக்க வாய்ப்புண்டு, அந்த மருந்தால் இழப்பு குறைவு. மற்ற ஆன்டிபயாட்டிக்குகளை, ரத்தக் கல்ச்சர் 48 மணி நேரத்தில் எதுவும் வளராததைப் பார்த்து, நிறுத்தினோம். டிரெஸ் நோயில் தேவையில்லாத ஒவ்வொரு மருந்தும் புதுச் சிக்கல். இந்த நிலையில் உடம்பு புதிய மருந்துகளுக்கும் ஒவ்வாமை காட்டக்கூடும்.

ஸ்டீராய்டு விஷயத்தில் கருத்து வேறுபாடு இருந்தது. காய்ச்சலுள்ள நோயாளிக்கு, உண்ணிக் காய்ச்சல் நேர்மறையாக இருக்கும்போது, ஸ்டீராய்டா என்று பொது மருத்துவர் தயங்கினார். நியாயமான தயக்கம். மார்பு எக்ஸ்ரே, மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி, சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டுத் தொடங்கலாம் என்று ஒப்புக்கொண்டோம். ஈரமண்ணில் வேலை செய்பவர் என்பதால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் புழுவுக்காக முதலில் ஐவர்மெக்டின் கொடுத்தோம். அந்தப் புழு உள்ளே இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் அது உடம்பெங்கும் பரவி ஆளைக் கொல்லும். ஏழாம் நாள், 48 கிலோ எடைக்கு, பிரெட்னிசோலோன் 50 மில்லிகிராம் தொடங்கியது. இதயத்தையும் இந்த நோய் தாக்கும் என்பதால் ஈசிஜியும் டிரோபோனினும் எடுத்தோம்; இரண்டும் சரியாக இருந்தன.

கோயம்புத்தூருக்கு அனுப்புவதா என்பது அடுத்த கேள்வி. மழையில் மலையிறங்கி மூன்று மணி நேரப் பயணம். ரத்தம் உறைவதைக் காட்டும் ஐஎன்ஆர் சரியாக இருந்தது, சிறுநீர் நன்றாகப் போனது, மூச்சுத் திணறல் இல்லை. இவற்றில் எது மாறினாலும், தோலில் கொப்புளம் வந்தாலும், காமாலையைக் காட்டும் பிலிருபின் ஏறினாலும் அன்றே அனுப்புவது என்று எழுதி வைத்து, மலையிலேயே வைத்துக்கொண்டோம். தினமும் காலை குறிப்பிட்ட நேரத்தில் நான் அழைப்பதாக ஏற்பாடு.

தோலுக்கு வெள்ளை வாசலினும் பீட்டாமெத்தசோன் களிம்பும். தடிப்பு உடம்பு முழுதும் பரவும்போது தோல் வழியாக வெப்பம் வீணாகும். நவம்பர் இரவில் நீலகிரி வார்டில் இது சின்ன விஷயமில்லை. படுக்கையை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றினோம், வெப்பநிலை குறைகிறதா என்றும் சிஸ்டர்கள் பார்த்தார்கள். அதுவரை ஏறுகிறதா என்று மட்டுமே குறித்திருந்தார்கள்.

வலி திரும்பும்போது வார்டிலேயே யாராவது ஃபெனிட்டாயின் கொடுத்துவிடக் கூடாது என்பதே என் பெரிய கவலையாக இருந்தது. ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிடோன், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின் எல்லாம் கார்பமசெபினின் அதே குடும்ப வார்ப்பு கொண்ட வலிப்பு மருந்துகள். ஒன்றுக்கு டிரெஸ் வந்தவருக்கு மற்றொன்றிலும் வரும் வாய்ப்பு கணிசமானது. நான்கு பெயரையும் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினோம்.

பிறகு நடந்தவை

ஸ்டீராய்டு தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. முகவீக்கம் வடிய நான்கைந்து நாள் ஆனது. எஸ்ஜிபிடி மட்டும் ஒன்பதாம் நாள்வரை ஏறி 560-ஐத் தொட்டு, பிறகு இறங்கியது. மருந்தை நிறுத்திய பின்னும் சில நாள் ஏறுவது இந்த நோயின் இயல்பு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் வார்டில் பதற்றம் இல்லை. தோல் செதில்செதிலாக உரிந்தது. பதினேழாம் நாள், 40 மில்லிகிராம் ஸ்டீராய்டுடன் வீட்டுக்குப் போனார்.

ஆறாவது வாரம், அளவு 20-க்கு இறங்கியதும் தடிப்பும் அரிப்பும் திரும்பின; ஈசினோஃபில் 11 சதவீதம். புதிய மருந்து எதுவும் உள்ளே போகவில்லை என்று கைப்பைவரை பார்த்து உறுதி செய்துகொண்டு, 30-க்கு ஏற்றி, முன்பைவிட மெதுவாக இறக்கினோம். முழுதாக நிறுத்த நான்கு மாதம் பிடித்தது. இடையில் சர்க்கரை ஏறி, ஸ்டீராய்டு குறைந்தபோது தானாகச் சரியானது. இந்த நோய்க்குப் பிறகு தைராய்டு பாதிப்பு மாதங்கள் கழித்தும் வரக்கூடும். மூன்றாம் மாதச் சோதனை சரியாக இருந்தது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முக வலி மூன்றாம் வாரமே திரும்பிவிட்டது. காபாபென்டின் கொடுத்தோம், பிறகு பாக்லோஃபென் சேர்த்தோம். பாதி வலிதான் குறைந்தது. "அந்தப் பழைய மாத்திரையில பாதி போட்டுப் பாக்கட்டுமா டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். பாதி போட்டாலும் முழு நோயும் வரும், முன்பைவிட வேகமாகவே வரும் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் மீதமிருந்த அட்டைகளை மகள் கொண்டுவந்து ஃபார்மஸியில் ஒப்படைத்தார். ரத்த உறவில் யாருக்காவது இந்தக் குடும்ப மருந்துகள் தேவைப்பட்டால் இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்பதால், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை மகளுக்கும் ஒன்று கொடுத்தோம். இப்போது நோயாளி கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவருகிறார். நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு நடக்கிறது. வெயில் ஏறிய பிறகே வேலைக்குப் போக எஸ்டேட்டில் அனுமதி வாங்கியிருக்கிறார்.

மாற்றியவை, இன்னும் மாறாதவை

சேர்க்கைப் படிவத்தில் 'தற்போதைய மருந்துகள்' என்ற ஒற்றை வரி இருந்தது. அதை எடுத்துவிட்டு, கடந்த எட்டு வாரத்தில் எதற்காக, எங்கே, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் கட்டத்தைச் சேர்த்தோம். அதைவிடப் பலன் தருவது சிஸ்டர்கள் பழகிக்கொண்ட ஒரு கேள்வி: "கூட இருக்கறவங்க பையில என்ன மாத்திரை இருக்கு, எடுத்துக் காட்டுங்க." நோயாளிகள் நோயின் பெயரால்தான் மாத்திரையை நினைவில் வைத்திருக்கிறார்கள்; பையைத் திறந்தால் அட்டை தானே பேசும்.

ஒபினியன் கேட்கும் சீட்டில், தடிப்பு முதலில் தெரிந்த நாளும், அந்த நாளில் உடம்பில் இருந்த மருந்துகளும் கட்டாயம். படம் அனுப்பினால் முகம், வாய், உள்ளங்கை, தடிப்பு எனக் குறைந்தது நான்கு படங்கள் வேண்டும். காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் லேபில் கேட்காமலே ஸ்மியர் போட்டு எண்ணுகிறார்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, டெக்னீஷியனின் கால் மணி நேரம்தான். பெண்கள் வார்டுக்கு ஒரு ஹீட்டரும் நகர்த்தும் திரையும் நிரந்தரமாக வந்துவிட்டன. உண்ணிக் காய்ச்சலுக்கு எஸ்கார் தேடவும் அதே ஹீட்டர்தான் பயன்படுகிறது. அதன் பிறகு எஸ்கார் கிடைப்பதும் கூடியிருக்கிறது என்று டியூட்டி டாக்டர்கள் சொல்கிறார்கள்.

மாத்திரை எழுதும் இடத்தில் இன்னும் எதுவும் மாறவில்லை. கார்பமசெபின், ஃபெனிட்டாயின், டாப்சோன், அல்லோபியூரினால் போன்றவற்றை முதன்முறை வாங்குபவரிடம், இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோ தடிப்போ முகவீக்கமோ வந்தால் உடனே மருத்துவரிடம் மாத்திரையோடு போக வேண்டும் என்று ஒரு நிமிடம் சொன்னால் போதும். வலிப்புக்குச் சாப்பிடுபவர் தானாக நிறுத்திவிடக் கூடாது, அன்றே போய்க் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் ஃபார்மஸியில் இதை அச்சடித்து மருந்து உறையில் ஒட்டத் தொடங்கியிருக்கிறோம். மலைக்குக் கீழே எழுதி வாங்கி வருபவர்களே இங்கே அதிகம். அவர்களுக்காக எஸ்டேட் டிஸ்பென்சரிகளில் அதே துண்டுத்தாளை வைக்கக் கேட்டிருக்கிறோம். இரண்டு இடங்களில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மற்றவற்றில் பேச்சு நடக்கிறது.